மேற்குச் சுவரோரம் ஓர் ஆவாரை வேலி

எங்கள் வீடு தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில், இண்டூர் பக்கம். வீட்டின் மேற்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் 30 அடி நீளம், 5 அடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம் கிடந்தது. மேலே வீடு கட்டியபோது கொட்டிய மொரம்பும் செங்கல் துண்டும், ஒரு முழம் தோண்டினால் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை நேர் வெயில். போர்வெல் மாசியிலேயே இளைக்க ஆரம்பித்துவிடும். சித்திரையில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரோடு காற்றும் சேர்ந்து வரும். குழாயில் வரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகவே வந்து, 2013-ல் திறந்த திட்டம் அது. அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வராது.

ஆகவே அங்கே வேண்டியது ஒரு தடவை வைத்தால் பல வருஷம் நிற்கிற, கோடையில் தண்ணீர் கேட்காத, பூக்கிற செடி. முதலில் அரளியை யோசித்தோம். நெடுஞ்சாலை நடுவில் லாரிப் புகையிலேயே அது பூத்துக் குலுங்குகிறது. ஆனால் அரளியில் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். வீட்டில் சின்னப் பிள்ளைகள், பக்கத்தில் ஆடுகள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். காகிதப்பூ வைத்தால் அந்த அகலத்தில் முள்ளுக்கு நடுவே ஆள் நடக்க முடியாது. நித்தியகல்யாணி வெயிலைத் தாங்கும், சுவரை மறைக்கிற உயரம் வராது. கடைசியில் ஆவாரையையே வைப்பது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்மா, கொல்லையில வேணாம்னு வெட்டிப் போடுறத வூட்டுக்குள்ள கொண்டாந்தா வெப்பாங்க?" என்று கேட்டார். "அது தானா வர்ற இடத்துல தானா வரும் ஆயா, இங்க நாமதான் வரவெக்கணும்" என்றேன். இந்தப் பதிவு முழுக்க அந்த 'வரவைப்பது' பற்றித்தான். ரோட்டோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்கிற செடி, வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தால் செத்துப்போகிறது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கவனிப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆவாரைக்கு எல்லாமே வேர்தான். முதல் வருஷத்தில் அதன் ஆணிவேரை ஆழத்துக்கு இறக்கிவிட்டால் நம் வேலை முக்கால்வாசி முடிந்தது. அது இறங்காவிட்டால் மேலே என்ன செய்தும் பயனில்லை.

விதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை ஆகாது. எங்கள் பக்கத்து வேலியோரங்களில் தகரையும் பேயாவாரையும் கலந்தே நிற்கும். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தைப் பாருங்கள். காது மடல் போல வட்டமாக இரண்டு சின்ன இலைகள் தண்டைத் தழுவியபடி இருக்கும். பாடப்புத்தகத்தில் இதை இலையடிச்செதில் என்பார்கள். மற்றதில் இது இந்த அளவுக்குப் பெரிதாக இருக்காது. காயிலும் அடையாளம் தெரியும். தகரைக்காய் மெல்லிசாக நீண்டிருக்கும். ஆவாரங்காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் மாதிரி சலசலக்கும். உள்ளே விதை இருக்கிற இடமெல்லாம் வெளியிலிருந்தே புடைப்பாகத் தெரியும்.

மழைக்குப் பிறகு பூத்த பூவெல்லாம் தை, மாசியில் பழுப்புக் காயாக நிற்கும். பறிக்கும்போது ஒவ்வொரு காயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை தெரிந்தால் உள்ளே வண்டு புகுந்து விதையைத் தின்றிருக்கும். ஒரு காயில் 10 முதல் 20 விதை வரை இருந்தாலும், சில புதர்களில் பாதிக்கு மேல் கோதாகத்தான் கிடைத்தது. அதனால் ஒரே செடியில் பறிக்காமல் வேறு வேறு இடத்துச் செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். வீட்டில் உடைத்து, வெயிலில் காய வைத்து, அடுப்புச் சாம்பலில் புரட்டித் துணிப்பையில் கட்டி வைத்தேன். ஆனி கடைசி வரை பையில் வண்டு விழவில்லை.

ஆவாரை விதையை அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், மிச்சமெல்லாம் கல் மாதிரி கிடக்கும். விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரே மழையில் எல்லாம் முளைத்து, அடுத்த வெயிலில் எல்லாம் கருகிப் போகாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கிற ஏற்பாடு அது. நமக்கு ஒரே சமயத்தில் முளைக்க வேண்டும் என்பதால் அந்தத் தோலை இளக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையின் மேல் ஊற்றினேன். விதையைப் போல நாலைந்து மடங்கு தண்ணீர் இருந்தால் போதும். அடுப்பில் வைத்து வேகவைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பார்த்தபோது விதைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தன. சில மினுமினுப்புப் போய், உப்பி, முந்தைய நாள் அளவைப் போல இரண்டு மடங்கு ஆகியிருந்தன. விரலால் நெருடினால் மேல்தோல் வழுக்கியது. மற்றவை போட்டபடியே சின்னதாக, பளபளவென்று அடியில் கிடந்தன. உப்பியதை உடனே விதைத்தேன். உப்பாததை எடுத்து, உப்புத்தாளில் ஒரு ஓரத்தை மட்டும் நாலு தேய் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் ஊறப் போட்டேன். அவையும் மறுநாள் உப்பிவிட்டன. தேய்க்கும்போது முளை வருகிற மூக்குப் பக்கத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். மிதக்கிற விதை பெரும்பாலும் பொக்கு, அதைக் கழித்துவிடலாம்.

விதைத்தது இரண்டு விதமாக. பாதிக் குழிகளுக்கு நாற்று, பாதிக் குழிகளுக்கு நேரடி விதை. நாற்றுக்கு வழக்கமான கறுப்புப் பாலித்தீன் பை வாங்கவில்லை. அது உயரம் குறைவு, ஆவாரையின் வேர் சீக்கிரமே அடியைத் தொட்டுச் சுருள ஆரம்பித்துவிடும். சுருண்ட ஆணிவேர் மண்ணுக்குப் போன பிறகும் நிமிர்ந்து இறங்காது. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கழுத்தையும் அடியையும் அறுத்துக் குழாயாக்கினேன். இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே கொசுவலைக் கம்பியை விரித்து, அதன் மேல் பாட்டில்களை நெருக்கமாக நிறுத்தினேன். அடியில் மண் கொட்டாமல் இருக்கத் தேங்காய் நார் ஒரு கைப்பிடி. மேலே செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. வேர் கம்பிவலையைத் தொட்டு வெளிக்காற்றைக் கண்டதும் அங்கேயே நின்றுவிடும், சுருளாது. வேரில் வெளிச்சம் படக்கூடாது என்பதால் பாட்டிலைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டினேன்.

அந்தக் காகிதம்தான் எனக்குப் பாடம் நடத்தியது. விதை ஒரு வாரத்துக்குள் முளைத்தது. மேலே நாலு இலை வந்து, செடி என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சமயத்தில் ஒரு காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரே வேர், பக்க வேர் அதிகம் இல்லாமல், பாட்டிலின் அடிவரை நேராக இறங்கியிருந்தது. மேலே தெரிவதைப் போல ஏழெட்டு மடங்கு கீழே. "செடி இன்னும் சின்னதா இருக்கே, பெருசாகட்டும்" என்று யாரும் காத்திருக்கக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து மழை பெய்த வாரத்திலேயே நட்டுவிட்டேன்.

குழிதான் இதில் பெரிய வேலை. 3 அடிக்கு ஒரு குழி, 1.5 அடி அகலம், 2 அடி ஆழம். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி. மேலே மொரம்பு வரை மம்முட்டியே போதும். சுக்கான் வந்ததும் கடப்பாரைதான். குழி வெட்டிய பிறகு, அதன் நடுவில் கடப்பாரையைச் செங்குத்தாக இறக்கி, ஆட்டி ஆட்டி இன்னும் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டோம். வீட்டுக்காரர் "இத்தனூண்டு செடிக்கு இவ்வளவு பள்ளமா?" என்று கேட்டுக்கொண்டேதான் குத்தினார். அந்தத் துளையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. காரணம், குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது சுக்கான் உடையாத குழிகளில் மறுநாள் காலையிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. துளை போட்ட குழியில் ராத்திரியே வடிந்துவிட்டது. ஆவாரை வெயிலைத் தாங்கும், சரளையைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணைக்கூடத் தாங்கும். இளம் வேர் தண்ணீரில் நின்றால்தான் தாங்காது.

குழியைத் தோண்டிய மண்ணாலேயே மூடினேன், செங்கல் துண்டுகளை மட்டும் பொறுக்கிவிட்டு. எரு குழிக்கு இரண்டு கைப்பிடி, அதுவும் மேல்மண்ணில். எரு அதிகமானால் இலையாகத் தழைக்கும், பூ குறையும். பாட்டிலை பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண் உதிராமல் அப்படியே இறக்கி வைத்தேன். நேரடி விதைக்கான குழிகளில், அரை அங்குல ஆழத்தில் மூன்று மூன்று விதை. முளைத்ததும் தெம்பான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

காலம் ஆவணி கடைசி. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை உண்டு. இரண்டும் சந்திக்கிற செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை. அந்த மழையிலேயே வேர் மண்ணைப் பிடித்துவிட்டால் ஊற்றுகிற வேலை குறையும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். 2004 வரை எல்லாம் ஒரே மாவட்டம்தானே, பெரும்பாலான இடத்தில் மண்ணும் மழையும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தினமும் ஒரு சொம்பு என்பது ஆவாரைக்கு ஆகாது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே மேயும். வட்டப்பாத்தி கட்டி, ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது முழுக்க இறங்கும்வரை நின்று, பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும். மறுநாள் 8 எம்.எம். கம்பி ஒன்றைப் பாத்தியில் குத்திப் பார்ப்பேன். ஈரமண்ணில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த இடம் வந்ததும் நின்றுவிடும். ஒரு அடிக்குக் கீழே இறங்கினால் ஊற்றியது போதும் என்று அர்த்தம். மழை நின்ற மார்கழிக்குப் பிறகு வாரம் ஒன்று என்பதைப் பத்து நாளாக்கி, பங்குனியில் பதினைந்து நாளாக்கினேன். பாத்தியில் மல்லாட்டை (நிலக்கடலை)த் தோலைப் பரப்பினேன், தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. தண்டோடு சேர்த்துப் போட்டால் கரையான் ஏறும்.

வாசலுக்குப் பக்கத்தில் இருந்த முதல் செடிக்கு மட்டும் என் மாமியார் காலையும் சாயந்திரமும் கைகழுவுகிற தண்ணீரை ஊற்றிவந்தார். பாசத்தில் செய்ததுதான். அந்தச் செடி மற்றதைவிட உயரமாக, பச்சைப்பசேலென்று வளர்ந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். சித்திரை வெயிலில் அவர் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிந்ததும் இலையைத் தொங்கப் போட்ட ஒரே செடி அதுதான். மற்றவை சிறுத்து, இலையை உதிர்த்துக்கொண்டு, குச்சியில் நுனி மட்டும் பச்சையாக அசையாமல் நின்றன. நேரடியாக விதைத்த செடிகளோ, பொங்கல் வரைக்கும் நாற்றுச் செடிகளில் பாதி உயரம்தான் இருந்தன. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்ததும் கிளைவிட்டு, ஆடிக்குள் அவற்றைத் தாண்டிவிட்டன. இதைப் பார்த்த பிறகு இனி நாற்று போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இடம் தயாராக இருந்தால் நேரடி விதைதான் நல்லது. வேலை முடியாத இடத்துக்கு மட்டும் பாட்டில் நாற்று.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். ஆவாரையும் அவரை, கொள்ளு குடும்பம்தானே, வேர் முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும் என்று நினைத்து மற்ற செடிகளுக்கு நடுவில் வைப்பவர்கள் உண்டு. மிச்சமிருந்த பாட்டில் நாற்று ஒன்றையும், கொல்லையிலிருந்து ஒரு கொள்ளுச் செடியையும் வேரோடு எடுத்துக் கழுவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொள்ளு வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. ஆவாரை வேர் மொழுமொழுவென்று இருந்தது, ஒரு முடிச்சும் கிடையாது. அதன் இனத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. மண்ணுக்கு அது கொடுப்பது தழையால்தான். வயலில் எருக்கு, கொளுஞ்சியோடு ஆவாரந்தழையையும் போட்டு மிதிப்பது நம் பெரியவர்கள் செய்ததே.

புழு கண்டிப்பாக வரும். வெளிர் பச்சை கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி தளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைத்துவிட்டுப் போகும். பச்சைப் புழு இலையின் நடு நரம்போடு ஒட்டிப் படுத்திருப்பதால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. கீழே எச்சம் விழுந்திருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாலு இலை, ஆறு இலைப் பருவத்தில் மட்டும் கையால் எடுத்து ரோட்டோரத்து ஆவாரையில் கொண்டுபோய் விட்டேன். செடி முழங்கால் உயரம் வந்த பிறகு ஒன்றும் செய்வதில்லை. மொட்டையாகத் தின்றாலும் கொஞ்ச நாளில் புதுத் தளிர் வந்துவிடுகிறது. அந்தப் பூச்சிகளும் எங்காவது பிழைக்கத்தானே வேண்டும்? மருந்து அடித்தால் பூவுக்கு வருகிற கருவண்டும் சேர்ந்து போய்விடும். மாவுப்பூச்சி வந்த ஒரு கிளைக்கு மட்டும் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தடவினேன். ஆடு ஒருமுறை கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆவாரை நுனியை ஒரு கடி கடித்துவிட்டு, நேராகச் செம்பருத்திக்குப் போய்விட்டது.

முதல் பூ இரண்டாம் வருஷம் புரட்டாசியில். அதன்பிறகு தை வரை கிளை நுனியெல்லாம் மஞ்சள். விடிந்ததும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கருவண்டு செய்வது முழுக்கத் தெரியும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் வெளியே தூளாக இருக்காது. மகரந்தப்பையின் நுனியில் ஒரு சின்னத் துளை, அதற்குள்ளே அடைபட்டிருக்கும். பத்து மகரந்தக் கேசரத்தில் மேலே இருக்கிற மூன்றும் வெறுமை, கீழே வளைந்து நீண்டிருக்கிற மூன்றும்தான் பெரியவை. வண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை மடக்கியபடியே உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிடக் கூர்மையாக ஒரு சத்தம் வரும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சி அதன் வயிற்றில் படியும். வண்டு பறந்த பிறகு அந்த இதழில் மஞ்சள் தூள் சிந்திக் கிடப்பதை நானே விரலில் தொட்டுப் பார்த்தேன்.

காய் முற்றி விதை எடுத்ததும், மாசி கடைசியில் கவாத்து. தரையிலிருந்து 2 அடி விட்டு, சாய்வாக வெட்டுகிறேன். ஆவாரை வெட்டுக்குப் பயப்படாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்து இறங்குகிறவரை, தென்னிந்தியத் தோல் பதனிடும் தொழில் பெரிதும் ஆவாரம்பட்டையைத்தான் நம்பியிருந்தது. பட்டையில் உள்ள டானின்தான் தோலைப் பதப்படுத்தும். அதற்காகத் திரும்பத் திரும்ப வெட்டினாலும் அடியிலிருந்து தழைத்துக்கொண்டே இருந்த செடி இது. பூ வருவது புதுக் கிளையின் நுனியில் என்பதால், வெட்டினால்தான் அடுத்த வருஷம் நுனி அதிகம், பூவும் அதிகம். வெட்டாத ஒரு செடி உயரமாகப் போய், அடியில் மொட்டையாகி, சுவருக்கு மேலே மட்டும் பூத்தது.

இரண்டாம் வருஷக் கோடையிலிருந்து தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். ஒரு செடிகூடப் போகவில்லை. போகிக்குக் காப்புக் கட்ட வேப்பிலையும் பூளைப்பூவும் மட்டும் வெளியே தேடினால் போதும், ஆவாரம்பூ எங்கள் சுவரோரத்திலிருந்தே தெரு முழுக்கப் போகிறது. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கிறோம். மிச்சத்தை நிழலில் உலர்த்தி டீக்கு வைத்துக்கொள்கிறோம். "சக்கரைக்கு நல்லதாமே" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்: டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்காதீர்கள்.

போன வாரம் ஆயா வந்து, அவர் வீட்டுப் பின்பக்கக் கக்கூஸ் சுவரோரம் இரண்டு வைக்க வேண்டும் என்றார். நாற்று கேட்டார். "நாத்து வேணாம் ஆயா, வெதையே தர்றேன். குழியை மட்டும் ஆனிக்குள்ள வெட்டி வெச்சிருங்க, கடப்பாரைய நான் கொண்டாறேன்" என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் கிழக்குக் காம்பவுண்டுக்கு வெளியே, தெருவோரமாக, இந்த ஆடியில் நேரடியாக விதைக்கப் போகிறேன். அங்கே சுக்கான் இன்னும் மேலேயே இருக்கிறது, அதனால் துளையை இரண்டடிக்குப் போட வேண்டியிருக்கும்.